பாடுபடும் தாசன்: மாநாட்டுத் தலைமை உரை



எருசலேமிலிருந்து காசாவுக்கு இறங்கிச் செல்லும் வனாந்தர வழியில், தம் நாட்டு அரசியின் பொக்கிஷம் அனைத்துக்கும் அதிகாரியாயிருந்த எத்தியோப்பிய மந்திரி ஒருவர், இரதத்தில் அமர்ந்தபடியே ஏசாயாவின் ஆகமத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனார் என்றும், ஓடிவந்து இரதத்தைச் சேர்ந்த பிலிப்புவைத் தம் அருகே அமர்த்தி, தீர்க்கதரிசி தம்மைப் பற்றிப் பேசுகிறாரா, வேறொருவரைப் பற்றிப் பேசுகிறாரா என்று வினவினார் என்றும் அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. இத்தலைமைப் பொறுப்பை ஏற்ற நாள்முதல், பிலிப்பு அளித்த விடையைக் காட்டிலும் அந்த மந்திரி கேட்ட கேள்வியே என் மனத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

அவர் வாசித்த பகுதி, ஏசாயா 52ஆம் அதிகாரத்தின் இறுதி மூன்று வசனங்களோடு 53ஆம் அதிகாரம் முழுவதும் சேர்ந்த பதினைந்து வசனங்களைக் கொண்ட பாடலைச் சேர்ந்தது. 1892இல் பெர்ன்ஹார்டு டூம் என்ற ஜெர்மானிய அறிஞர் தனியே பிரித்துக் காட்டிய நான்கு தாசப் பாடல்களுள் இதுவே கடைசி. இப்பாடலில் தாசன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் கடவுள் பேச, இடையில் பேசுகிறவர்கள் எல்லாம் அவனை அலட்சியம் செய்தவர்கள். கடவுளால் தண்டிக்கப்பட்டவன் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள். பின்பு, அவன் சுமந்தது தங்கள் நோய் என்று கண்டு திடுக்கிட்டு, 'நாங்கள்' என்று தன்மைப் பன்மையில் அறிக்கையிடுகிறவர்கள். மயிர் கத்தரிப்போர் முன் சத்தமின்றிக் கிடக்கும் ஆட்டுக்கு அங்கே வழங்கும் எபிரேயச் சொல் ராகேல். பெண்ணாடு என்பது பொருள். யாக்கோபு நேசித்த மனைவியின் பெயரும் அதுவே. கால்களை மடக்கிப் பிடித்த பிடியில், கத்தரி தோலையொட்டி ஓட, கத்தாமல் கிடக்கும் ஆட்டைப் பார்த்தவர்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.

பத்தாம் வசனத்திலுள்ள 'ஆஷாம்' என்ற சொல் என்னை மேலும் ஆழமாகத் தொடுகிறது. லேவியராகமத்தில் குற்றநிவாரண பலியைக் குறிக்கும் இச்சொல் ஆலயத்துக்கும் பலிபீடத்துக்கும் உரியது. ஆனால் 40 முதல் 55 வரையிலான அதிகாரங்கள், ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்ளுமாறு, பாபிலோனியச் சிறையிருப்பின் காலத்தவை என்றால், எருசலேம் ஆலயம் எரியுண்டு, ஆடு செலுத்தப் பீடமும் ஆசாரியன் நிற்க இடமும் இல்லாதுபோன அந்த நாட்களிலே, பலியின் பெயர் ஒரு மனிதன்மேல் வைக்கப்பட்டது என்றாகிறது. வேதத்தில் இதற்கு ஒப்பான துணிவை நான் அதிகம் கண்டதில்லை.

எனினும், பாடுபட்டு மரிக்கும் மேசியாவை இயேசுவின் காலத்து மக்கள் எதிர்பார்த்திருந்தார்கள் என்று சிலர் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. தார்கூம் என்னும் அரமேய விரிவுரை தாசனை மேசியா என்றே அழைத்தும், பாடுகளை அவர்மேலிருந்து எடுத்துப் பிறர்மேல் ஏற்றிவிடுகிறது. பாடுகளைப் பற்றி ஆண்டவர் வாய் திறந்தபோது பேதுருவே அவரைக் கடிந்துகொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். மத்தேயு இவ்வதிகாரத்தை வெளிப்படையாக எடுத்தாளும் இடமும் சிலுவைக் காட்சியன்று, நோயாளிகள் குணமடைந்த மாலைப்பொழுதே. ஆகவே சிலுவை முதலில் வந்தது. அதன் வெளிச்சத்தில் சீடர்கள் பழைய சுருளைத் திறந்து, அங்கே தங்கள் ஆண்டவரின் முகத்தைக் கண்டார்கள். அவ்வாறு கண்டதன் முதிர்ந்த பலன் பேதுருவின் முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. இயேசு தம்மையே இத்தாசனாக எண்ணினாரா என்பதை ஆய்வாளர் மோர்னா ஹூக்கர் 1959இல் வலிவோடு ஐயுற்றார். அவ்வையத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு விடை கூறாமல் கடந்து செல்வோரையும் நான் ஏற்பதில்லை.

ஒன்றை இங்கே வருத்தத்தோடு சொல்ல வேண்டும். தாசன் என்பது சிதறுண்டு வருந்தும் இஸ்ரவேல் ஜனமே என்ற யூத வாசிப்பு இடைக்காலத்தில் வாதத்துக்காகப் பிறந்தது என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. ஆனால் மூன்றாம் நூற்றாண்டிலேயே, யூத அறிஞர்கள் தம்மிடம் அவ்வாறு உரைத்ததைக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகேன் பதிந்துள்ளார். அதே பொருளைக் கொண்ட யூத உரையாசிரியர் ராஷி, 1096இல் சிலுவைப்போர்க் கூட்டத்தார் ரைன் நதிக்கரையில் யூதரைக் கொன்றபோது உயிரோடிருந்தவர். இரத்தம் சிந்திய வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய நகரங்கள் அவர் இளமையில் கல்வி கற்ற நகரங்கள். 1263இல் பார்சலோனாவில், அரசன் முன்னிலையில் நடந்த வாதத்தில் இதே அதிகாரம் யூத அறிஞர் நாக்மானிதேசுக்கு எதிராக எடுத்து நீட்டப்பட்டது. அடிக்கப்பட்டவனைப் பாடும் பாடலை, அடிபட்டவர்கள்மேல் ஆயுதமாக ஓங்கியவர்கள் நம் சபையார். இதை எண்ணாமல் அவர்களுடைய உரைகளை இங்கே எவரும் விமரிசிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

1947இல் கும்ரான் குகையிலிருந்து வெளிப்பட்ட ஏசாயாச் சுருள், பதினேழு தோல் துண்டுகளைத் தைத்து இணைத்த, ஏறத்தாழ ஏழேகால் மீட்டர் நீளமுள்ள சுருள். அதன் 53ஆம் அதிகாரத்துப் பதினோராம் வசனத்தில், மரபு வழி வந்த எபிரேயப் பாடத்தில் இல்லாததும், எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் நெடுங்காலம் நிலைத்திருந்ததுமான ஒரு சொல், மூன்றே எழுத்துக்களில் நிற்கிறது: 'ஒளி'. தன் ஆத்தும வருத்தத்தின்பின் தாசன் எதைக் காண்பான் என்பதற்கு அச்சொல்லே பொருளாகிறது.

முதல் அமர்வின் கட்டுரை அந்த மூன்று எழுத்துக்களைப் பற்றியது. அதற்கு முன்பு, அப்பதினைந்து வசனங்களும் எபிரேயத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும், அந்த மந்திரி வாசித்ததுபோல வாய்விட்டு வாசிக்கப்படும். வாசிப்போரை மேடைக்கு அழைக்கிறேன்.