தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் முதல்தரமா?

(உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



பயிரில் புதிதாக ஒரு பூச்சியோ நோயோ தென்பட்டால், இன்று உங்களில் பலர் கைபேசியை எடுத்துத் தேடிப் பார்க்கிறீர்கள். அது நல்ல பழக்கமே. ஆனால், முதலில் வரும் பக்கத்தைத் திறந்து, அதில் கண்ட மருந்தை வாங்கித் தெளித்துவிட்டால், சில சமயம் காசும் போய் மகசூலும் போகும். ஆகவே, தேடுபொறி எதை வைத்து ஒரு பக்கத்தை முன்னால் நிறுத்துகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

இரண்டு கேள்விகள்

உங்கள் பம்புசெட் மோட்டார் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர் பஞ்சாயத்துத் தலைவர். அதற்காக மோட்டாரை அவரிடமா கொண்டு போவீர்கள்? காயில் கட்டுகிறவர்கள் யார் யார் என்று முதலில் பார்ப்பீர்கள். அவர்களில் நாலு பேர் நல்லபடியாகச் சொல்லும் ஒருவரிடம் கொடுப்பீர்கள்.

தேடுபொறியும் இவ்வாறே இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இந்தப் பக்கம் கேட்ட விஷயத்தைப் பற்றியதா? இது பொருத்தம். இந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களில் எத்தனை, எப்படிப்பட்டவை இணைப்புக் கொடுத்துச் சுட்டிக் காட்டுகின்றன? இது செல்வாக்கு.

பொருத்தம்

பொருத்தத்தை அளக்கச் சொற்களே முதல் ஆதாரம். எல்லாப் பக்கங்களிலும் காணும் சொல்லைவிட, சில பக்கங்களில் மட்டும் காணும் சொல்லுக்கு அதிக எடை தர வேண்டும் என்று 1972ஆம் ஆண்டிலேயே கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் அறிஞர் எடுத்துக் காட்டினார். ‘மருந்து’ என்ற சொல் எங்கும் கிடக்கும். ‘படைப்புழு’ என்ற சொல் அப்படியல்ல.

ஆனால், சொல்லை மட்டும் நம்பினால், ஒரே சொல்லை நூறு தடவை எழுதி வைத்தவர் முன்னால் வந்துவிடுவார். 1997 நவம்பரில், பெரிய வணிகத் தேடுபொறிகள் நான்கில் ஒன்று மட்டுமே, தன் பெயரைக் கொடுத்துத் தேடியபோது தன் பக்கத்தை முதல் பத்துக்குள் காட்டிற்று.

செல்வாக்கு

இக்குறையைப் போக்க அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் கண்ட முறைக்குப் ‘பேஜ்ரேங்க்’ என்று பெயர். 1998இல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே கூகுள்.

இம்முறையில் இணைப்புகளை வெறுமனே எண்ணுவதில்லை, எடை போடுகிறார்கள். 12 எடையுள்ள ஒரு பக்கம் 3 பக்கங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் 4 வீதம் சேரும். 100 எடையுள்ள பெரிய பக்கம் 1,000 பக்கங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.1 மட்டுமே. கணக்கில் வழக்கமாக இதில் 85 சதவீதமே இணைப்பு வழியாகப் போகும். எஞ்சியது எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாகப் பகிரப்படும்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த எடை, நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே போடப்பட்டது. அது பக்கத்தின் பொதுவான செல்வாக்கைச் சொல்லுமே தவிர, உங்கள் வயலுக்கு அது பொருந்துமா என்று சொல்லாது. ஜான் கிளைன்பெர்க் என்ற அறிஞர் அதே காலத்தில் வேறொரு வழி சொன்னார். கேட்ட விஷயத்தோடு தொடர்புள்ள பக்கங்களை முதலில் திரட்டி, அவற்றுக்குள் மட்டும் இணைப்புகளைக் கணக்கிடலாம் என்றார். காயில் கட்டுகிறவர்களை முதலில் திரட்டியது போலத்தான் இது.

செல்வாக்குக்கு அதிக இடம் கொடுத்தால் பெரிய பக்கங்களே எதற்கும் முன்னால் நிற்கும். குறைவாகக் கொடுத்தால் சொல்லை அடுக்கியவர்கள் வந்துவிடுவார்கள். இன்று கூகுள் இவ்விரண்டோடு இன்னும் பல அளவைகளையும் கலக்கிறது. கலக்கும் விகிதத்தை அந்நிறுவனம் வெளியிடுவதில்லை.

கலப்படம்

இணைப்பின்மேல் எழுதியிருக்கும் சொற்களையும் தேடுபொறி கணக்கில் கொள்கிறது. 2003இல் பலர் கூடிப் பேசி, ‘படுதோல்வி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை எழுதி, அமெரிக்க அதிபர் புஷ் அவர்களின் அதிகாரப் பூர்வமான பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். அச்சொற்களைத் தேடியவர்களுக்கு அப்பக்கமே முதலில் வந்தது. 2007 ஜனவரியில்தான் கூகுள் இதைச் சரி செய்தது.

காசுக்கு இணைப்பு விளைவிக்கும் ‘இணைப்புப் பண்ணை’களும் தோன்றின. பண்ணை என்ற நம் சொல் இதற்கும் பயன்பட நேர்ந்தது! 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்னும் திருத்தத்தின் மூலம் கூகுள் இத்தகைய பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. ஆயினும் களை முற்றிலும் ஒழிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. பயிர், பூச்சி, அறிகுறி மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். நெல்லிலும் படைப்புழு உண்டு. 2018 முதல் நம் நாட்டில் மக்காச்சோளத்தைத் தாக்கும் அமெரிக்கப் படைப்புழு வேறு. ‘படைப்புழு மருந்து’ என்பதைவிட ‘மக்காச்சோளம் படைப்புழு குருத்தில் துளை’ என்று கேட்பது நல்லது. பொருத்தத்தின் பக்கம் தராசைச் சாய்க்க உங்கள் கையில் உள்ள வழி இதுதான்.

2. மேலே விளம்பரம் என்று குறித்து வருபவை காசு கொடுத்து வந்தவை. அவற்றைத் தள்ளிப் படியுங்கள்.

3. பக்கம் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். பழைய பக்கத்துக்கு இணைப்புகள் சேர்ந்திருக்கும். நேற்று வெளியான நல்ல பரிந்துரைக்கு இன்னும் சேர்ந்திராது. எண்டோசல்பான் மருந்துக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன் எழுதிய பக்கம் இன்றும் அதையே தெளிக்கச் சொல்லும்.

4. எழுதியவர் யார் என்று பாருங்கள். மருந்து விற்பவரா, ஆராய்ச்சி நிலையமா?

5. தெளிக்கும் முன், மருந்தையும் அளவையும் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெருமக்களே! விதை வாங்கும்போது மூட்டையின் படத்தைப் பார்த்து வாங்குவதில்லை. சான்று அட்டையைப் பார்த்தே வாங்குகிறோம். பக்கங்களின் வரிசையையும் அவ்வாறே பார்க்க வேண்டும். நாலு பேர் சொன்னது என்பது நல்ல அறிகுறிதான். உங்கள் பயிருக்கு, உங்கள் பருவத்துக்கு ஏற்றதா என்று பார்க்கும் வேலை மட்டும் உங்களுடையது. அதைத் தவறாமல் செய்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.