முத்திரையில் நிற்கும் கோபுரம்

(உக்கடத்துப் படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையாய் அலைந்து ஒரு பட்டாவை வாங்கி வருகிறோம். பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு சான்றிதழை வாங்கி வருகிறோம். அந்தத் தாளின் தலையிலே ஒரு வட்ட முத்திரை. முத்திரை இல்லையேல் அது வெறுந்தாள். இருந்தால் அரசின் ஆணை. அவ்வளவு ஆற்றல் படைத்த வட்டத்துக்குள்ளே என்ன இருக்கிறது? ஒரு கோபுரம், அதன் முன்னே அசோகனின் சிங்கத்தூண், இருமருங்கிலும் மூவண்ணக் கொடி, சுற்றிலும் ‘தமிழ்நாடு அரசு’, ‘வாய்மையே வெல்லும்’ என்னும் தமிழ் எழுத்துகள்.

கூட்டம் தொடங்குமுன் இசுலாமியத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, அரசு எல்லாருக்கும் பொது என்கிறீர்கள், முத்திரையிலே கோயில் கோபுரம் நிற்கிறதே, அது எப்படிப் பொது?” தொழுகைக்கு அழைக்கும் ஓசையும் கோயில் மணியோசையும் ஒரே காற்றில் கலக்கும் இந்த உக்கடத்திலே இப்படி ஒரு கேள்வி பிறப்பது இயற்கை. அதை மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

முத்திரை என்பது முன்பு மன்னர்களின் சொத்து. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். கொங்குச் சீமைக்காரர்களுக்கு வில்லின்மீது தனிப் பாசம் உண்டு, இருக்கட்டும், தவறில்லை! கரூரில் அமராவதி ஆற்று மணலிலே கிடைத்த சேரர் காசுகளில் யானை ஒருபுறமும் வில்லும் அம்பும் மறுபுறமுமாக இன்றும் காணலாம். அண்டை மாநிலங்களைப் பாருங்கள். கருநாடகத்தின் முத்திரையில் இருதலைப் பறவையாம் கண்டபேரண்டம். மைசூர் அரண்மனையிலிருந்து வந்தது. கேரளத்தின் முத்திரையில் இரண்டு யானைகளும் சங்கும். திருவிதாங்கூர் அரண்மனையிலிருந்து வந்தவை. நம்முடைய முத்திரையிலோ வில்லும் இல்லை, புலியும் இல்லை, கயலும் இல்லை. எந்த அரண்மனையின் வாரிசுரிமையும் அதிலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்திலே எழுந்த எண்ணம், 1949 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் முத்திரையாக உருப்பெற்றது. வரைந்தவர் ஓவியர் கிருஷ்ணாராவ். அந்தக் கோபுரம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது ஊரறிந்த கூற்று. பதினொரு நிலை கொண்டு ஓங்கி நிற்கும் கோபுரம் அது. இல்லை, மதுரை மேலைக் கோபுரமே ஓவியரின் மனத்தில் இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கு நடக்கட்டும். நமக்கு அதைவிடப் பெரிய வழக்கொன்று இருக்கிறது.

சமயச் சார்பற்ற அரசுக்குக் கோபுரம் ஏன் என்ற கேள்விக்கு, அது திராவிடக் கட்டடக் கலையின் சின்னம் என்பதே வழக்கமான விடை. சரியான விடைதான். சாரநாத்துத் தூணை நிறுத்தியவன் பௌத்தம் தழுவிய அசோகன். அதைப் பார்த்து இது பௌத்தர்களின் அரசா என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் அந்த விடையோடு நான் நின்றுவிட மாட்டேன். ஏன் தெரியுமா? கல் சுமந்தவன், சுண்ணாம்பு அரைத்தவன், சாரம் கட்டியவன் கட்டிய அந்தக் கலை, கட்டி முடிந்த மறுநாளே அவர்களிற் பலரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்க்கலாம், உள்ளே காலடி வைக்கலாகாது! இந்துவென்று எண்ணப்பட்டவனுக்கே அது பொதுவாக இல்லையே, தோழர்களே!

ஈரோட்டிலிருந்து புறப்பட்ட பெரியார் 1924 இல் வைக்கத்திலே சிறை புகுந்தது கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே மனிதன் நடப்பதற்காக! மதுரையில் 1939 சூலை 8 ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர்கள் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். பின்னர் 1947 இல் ஆலய நுழைவுச் சட்டம். அதே ஆண்டில் தேவதாசி முறைக்குத் தடை. இரண்டும் ஓமந்தூரார் ஆட்சியிலே நிறைவேறியவை. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்: 1947 இல் கதவு திறந்தது, 1949 இல் கோபுரம் முத்திரை ஏறியது. கதவு அடைத்தபடியே முத்திரை ஏறியிருந்தால் அதன் பொருள் வேறாக இருந்திருக்கும். கருவறைக் கதவுக்கோ காலம் இன்னும் நீண்டது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1970 இல். பயிற்சி பெற்ற பல சாதியினருக்கு அர்ச்சகர் பணி ஆணை கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். இடையிலே கழிந்தவை ஐம்பத்தோரு ஆண்டுகள்!

எழுத்துகளுக்கும் இதே கதைதான். தமிழ்நாடு என்ற பெயரைக் கேட்டு 1956 இல் எழுபது நாட்களுக்கும் மேலாக உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்தார் விருதுநகர் சங்கரலிங்கனார். அவர் காங்கிரசுக்காரர், அவர் கேட்டதைக் காங்கிரசு ஆட்சி கொடுக்கவில்லை. அண்ணாவின் ஆட்சியிலே 1967 சூலை 18 ஆம் நாள் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியது. 1969 சனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபது நாட்களில் அண்ணா மறைந்தார். ‘சத்யமேவ ஜெயதே’ என்றிருந்த வடமொழித் தொடரும் அண்ணா ஆட்சியில்தான் பொருள் மாறாமல் தமிழுருக் கொண்டது. பள்ளிப்படி மிதியாத பாட்டியும், படித்துச் சொன்னால் அதன் பொருளைப் புரிந்துகொள்கிறாள். புரிந்துகொண்டவள் கேள்வி கேட்பாள். அதுதான் அந்த மொழிமாற்றத்தின் வலிமை.

ஆகவே கேள்வி கேட்ட தோழருக்குச் சொல்கிறேன்: அந்தக் கோபுரம் பொதுவாகப் பிறக்கவில்லை, போராட்டம் அதைப் பொதுவாக்கியது. அதன்கீழ் வரும் ஆணை உனக்கும் எனக்கும் ஒரே அளவிலே கிடைக்கும் வரையில்தான் அது பொது. கிடைக்காத இடத்திலே முத்திரையைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் உரிமை உன்னுடையது; உடன் வந்து நிற்கும் கடமை எங்களுடையது.

இந்தப் பகுதியிலே முத்திரையிட்ட கடிதம் வந்தும் அதிலே என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் பெட்டியிலே பூட்டி வைத்திருப்போர் பலர். நாளை மாலை முதல் படிப்பகத்திலே இரண்டு தோழர்கள் இருப்பார்கள். கடிதத்தை எடுத்து வாருங்கள். படித்துச் சொல்வார்கள், மறுமொழியும் எழுதித் தருவார்கள்.