பேசா நோயும் இளைஞர் கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையிலே சமயத்தையும் தமிழையும் பற்றிப் பேசுதல் வழக்கம். இளைஞராகிய நாம் இன்று ஈரலைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றோம். பெரியோர் பொறுத்தருள வேண்டும். உடம்பும் ஆண்டவன் உறையும் ஆலயம் என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்களே அல்லவா? அத்திவாரத்தைக் கறையான் அரிக்க, மேலே கலசம் வைத்தல் முறையாகாது.

செங்கமாரியை நம் ஊரில் அறியாதார் இல்லை. கண் மஞ்சளாகும், சோறு இறங்காது, கீழ்காய்நெல்லியை அரைத்துக் கொடுப்பார்கள், சில கிழமைகளில் மாறிவிடும். அசுத்த நீராலும் உணவாலும் வருகின்ற ஏ வகை ஈரல் அழற்சி பெரும்பாலும் இவ்வாறு தானே மாறுவது. ஆனால் சி வகை என்று ஒன்றுண்டு. அது குருதி வழியாக வருவது. பெரும்பாலார்க்குக் கண்ணை மஞ்சளாக்காது, வலியும் காட்டாது. பெற்றவர் 100 பேரில் ஏறக்குறைய 30 பேர் ஆறு மாதத்துள் தாமாகவே தேறுவர். ஏனையோரிடம் அது நிலைத்துவிடும். அவ்வாறு நிலைத்தோருள் 100 பேருக்கு 15 முதல் 30 பேர் வரையில், 20 ஆண்டுகளுக்குள் ஈரல் வடுப்பட்டுச் சுருங்கிப்போகும். சிலருக்கு அது புற்றுநோயாகவும் முடியும்.

இந்த வைரசு இனங்காணப்பட்டது 1989 இல்தான். அதனைக் கண்டறிந்த அறிஞர் மூவருக்கு 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே 1989 க்கு முன் உலகில் எந்த இரத்த வங்கியும் இதனைத் தேடிப் பார்த்திருக்க முடியாது. இது யார்மீதும் குற்றமன்று. அறிவு அந்நாளில் அவ்வளவே. தடுப்பூசி இன்றும் இல்லை. ஆனால் மருந்துண்டு. 12 கிழமை, சிலருக்கு 24 கிழமை, குளிசை விழுங்கினால் 100 இல் 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமடைவர். அப்படியிருந்தும், 2022 இல் உலகில் இந்நோயுடன் வாழ்ந்த 5 கோடிப் பேருள் தமக்கு நோயுண்டென அறிந்தவர் 100 க்கு 36 பேரே என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மருந்து காத்திருக்கின்றது; நோயாளிக்கோ தாம் நோயாளி என்பதே தெரியாது!

தேடிச் சென்ற நாடுகள் வென்றிருக்கின்றன. எகிப்திலே வாய்க்கால் நத்தைகளால் பரவும் புழுநோயைத் தீர்க்க, 1950 முதல் 1980 கள் வரை கிராமந்தோறும் ஊசி போட்டார்கள். ஊசிகளைச் சரிவரக் கிருமிநீக்காது மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால், நல்ல நோக்கத்தோடு செய்த பணியே சி வகை நோயைப் பரப்பிற்று. அதே நாடு 2018 ஒக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏறக்குறைய 5 கோடி மக்களைப் பரிசோதித்தது. இந்தியப் பஞ்சாப் மாநிலமோ 2016 இல் இலவச சிகிச்சையைத் தலைநகரில் முடக்காது மாவட்ட வைத்தியசாலைகளுக்கே கொண்டு சென்று, ஈராண்டில் 48,000 பேருக்கு மேல் மருந்து கொடுத்தது. பத்தில் ஒன்பது பேர் குணமடைந்தனர்.

நமது நாடு எகிப்தன்று. இங்கு இந்நோய் அரிது. 100 இல் ஒருவருக்கும் குறைவு. ஆகவே ஊரார் அனைவர் விரலிலும் ஊசி குத்தவேண்டிய தேவையில்லை. யாரைச் சோதிப்பது என்று கேட்டறிதலே நமக்கு வேண்டியது. இரத்ததான முகாமிலே நாம் கொடுக்கும் ஒவ்வொரு பை குருதியும் இந்நோய்க்காகப் பரிசோதிக்கப்படுகின்றது. திடகாத்திரமான இருபது வயது இளைஞன் சோதிக்கப்படுகின்றான். ஆனால் 1985 இல் பிள்ளைப்பேற்றின்போது குருதி ஏற்றிக்கொண்ட ஒரு பெத்தாவை நினைத்துப் பாருங்கள். குண்டுச் சன்னம் பட்டுப் பிழைத்த ஒரு மாமாவை நினைத்துப் பாருங்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே. பல்லாண்டுகளுக்கு முன் குருதி ஏற்றினீர்களா? சிறுநீரக நோய்க்குக் குருதிச் சுத்திகரிப்பு, அல்லது தலசீமியாவுக்கு அடிக்கடி குருதி பெறுகிறீர்களா? பிறர் குருதி பட்ட ஊசி, பச்சை குத்தும் ஊசி, சவர அலகு உங்கள் உடம்பிற் பட்டதுண்டா? நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் கிளினிக் செல்பவரிடம் இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். ஆமென்றால் ஒரு துளிக் குருதி. அரை மணி நேரத்துள் விடை. அத்துளி கிருமி ஒருகாலத்தில் வந்ததை மாத்திரமே காட்டும். இன்னும் உடம்பில் உண்டோ என்பதை இரண்டாம் பரிசோதனையே சொல்லும். முதல் விடை கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவதைத் தவறவிடலும் ஆகாது.

இங்கேதான் நமது வாவி குறுக்கிடுகின்றது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பின் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் தூரம் குறைந்தது மெய். ஆயினும் வயலில் நிற்பவருக்குப் பட்டினப் பயணமென்பது ஒரு நாட் கூலி. ஒரு பரிசோதனைக்கு ஒரு பயணம், விடைக்கு மற்றொன்று, மருந்துக்கு இன்னொன்று என்றால் இடையிலே நின்றுவிடுவார். சோதனையும் சிகிச்சையும் ஊர் வைத்தியசாலையிலேயே, சாதாரண வைத்தியராலும் தாதிமாராலும் நடக்கலாமென உலக சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது. நாமும் அதனைக் கேட்டுப் பெறல் வேண்டும்.

வாவியிலும் அகன்றது வெட்கம். ஈரல் கெட்டதென்றால் ‘குடித்திருப்பான்’ என்கிறோம். குடி ஈரலைக் கெடுக்கும், இந்நோயையும் விரைவுபடுத்தும் என்பது உண்மையே. ஆனால் ஒரு துளியும் தொடாத தாய்க்கும் இது வரலாமே! கோப்பையைப் புறம்பாக வைப்பதும், வீட்டுப் பெண்ணின் கலியாணப் பேச்சை முறிப்பதும் அறியாமை. உடனிருந்து உண்பதால், கட்டித் தழுவுவதால் இது தொற்றாது.

ஆகவே சகோதரர்களே, நமது கடமை மூன்று. வீட்டுப் பெரியவரிடம் மரியாதையோடு பழைய கதையைக் கேட்போம். வைத்தியசாலைக்குத் துணையாகச் செல்வோம். அங்கு அறிந்ததை வெளியிற் பேசாது காப்போம். திருவிழாக் காலத்தில் ஒருவருக்கு ஏற்றிய காவடி முள்ளை மற்றவருக்கு ஏற்றாதிருப்பதும் நேர்த்தியின் தூய்மையே. பெரியோர்களே, நாங்கள் கேட்கும்போது ‘எனக்கென்ன நோய்?’ என்று தட்டிக் கழியாதீர்கள். உங்கள் ஈரல் வாய் திறவாது, நீங்கள் திறவுங்கள்.