இளமையில் கேட்ட இசை

மட்டக்களப்பு வாவியில் முழுநிலா நாளில் தோணியேறிச் செல்வோர், கல்லடிப் பாலத்தின் அருகே துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்பதுண்டு. நீரின் அடியிலிருந்து மெல்லிய ஓசை எழும். அதனைப் பாடுமீனின் இசை என்பர். தோணியை நிறுத்தினாலன்றி அவ்வோசை செவிப்படாது. இளமையில் கேட்ட இசையும் அத்தகையதே என்பதை நான் முதுமையிலேதான் உணர்ந்தேன்.

நான் பிறந்தது வாவியின் மேற்கே, படுவான்கரையில். வேளாண்மை வெட்டி முடிந்தபின் எங்கள் ஊரிற் கூத்துப் பழகத் தொடங்குவார்கள். அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் பல இரவுகள் ஒலிக்கும். என் தந்தையார் பிற்பாட்டுக்காரர். அவர் குரலைக் கேட்டுக்கொண்டே களரியின் ஓரத்தில் உறங்கியவன் நான்.

பின்னர்ப் படிப்பின்பொருட்டு நகரஞ் சென்றேன். அது 1960களின் காலம். வானொலி தந்த திரையிசையில் மனம் தோய்ந்தது. ஒருநாள் நண்பனொருவன், "உங்கள் ஊரில் என்ன பாட்டு உண்டு?" என்று வினவினான். "ஒன்றுமில்லை" என்றேன். நாணத்தினாற் சொன்ன அந்தப் பொய் இன்றும் என்னை உறுத்துகின்றது.

நான் நாணிய அதே ஆண்டுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பெற்ற கூத்துச் சுருங்கிச் செப்பமுற்று, 1962இல் 'கர்ணன் போர்' ஆகவும், பின்னர் 'இராவணேசன்' ஆகவும் வெளிப்பட்டது. அதற்கு முன்னரே, 1940இல், தி. சதாசிவ ஐயர் அவர்கள் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிருந்தார். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளோ, வழக்கொழிந்த யாழின் இசையைத் தேடிப் பல்லாண்டு உழைத்தார். 1947 ஜூனில் 'யாழ்நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். மறந்த இசையை மீட்பது ஒருவர் தம் வாழ்நாளையே கொடுத்தற்குரிய பணி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

போர்க்காலத்திற் பல ஊர்களின் இரவுகள் மத்தள ஒலியை இழந்திருந்தன. அமைதி திரும்பியபின், தலை நரைத்த நிலையில் மீண்டும் களரியின் ஓரத்தில் அமர்ந்தேன். பழைய இன்பத்தைத் தேடிச் சென்ற எனக்குப் புதியதொன்று கிட்டியது. சிறுவயதில் என்னை ஈர்த்தது வடமோடியின் போரும் துள்ளலுமே. தென்மோடி தொடங்கினால் உறங்கிவிடுவேன். இன்றோ தென்மோடித் தருக்களின் இசைநயமே நெஞ்சைப் பிணிக்கின்றது. பாட்டு மாறவில்லை, கேட்கும் செவி மாறியிருக்கின்றது.

இன்னுமொன்று. கிழக்கே எழுவான்கரையிலும், தெற்கே அக்கரைப்பற்று வரையிலும் வாழும் முஸ்லிம் மக்களிடையே 'கவி' என்று வழங்கும் நான்கடிப் பாடல்கள் உள்ளன. காதலும் பிரிவும் வயல்வேலையின் களைப்பும் அவற்றிற் பேசும். மூதாட்டியொருவர் பக்க இசை எதுவுமின்றிப் பாட அண்மையிற் கேட்டேன். அவர்களின் பொல்லடியையும் கண்டேன். எங்கள் வசந்தனாட்டத்தின் கோலொலி நினைவுக்கு வந்தது. ஒரே வாவியின் அயலில் வாழ்ந்தும் அறுபது ஆண்டுகள் அதனைக் கேளாதிருந்தேனே! இன்று எனக்கு மிக விருப்பமான இசை அந்தக் கவியே.

நேயர்களே, என் தந்தையாரின் குரல் எந்த ஒலிப்பதிவிலும் இல்லை. அவர் பாடிய தருக்களுட் சிலவே, அவையும் பாதியாகவே, என் நினைவிலுள்ளன. உங்கள் இல்லத்து முதியோர் தம் இளமையில் என்ன பாடினர் என்று இன்றிரவே கேளுங்கள். பாடச் சொல்லுங்கள், கூடுமாயின் பதிந்தும் வையுங்கள். "ஒன்றுமில்லை" என்று நான் சொன்ன மறுமொழியை உங்கள் மக்கள் சொல்லாதிருக்கட்டும்.