சிவப்பு எழுத்தும் மாத்திரை ஆர்டரும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கடைசியில் இரண்டு மூன்று கேள்வி பதில்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)



போன மாதம் கிளப் ஹவுஸில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்ததிலிருந்து, லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் வணக்கம் சொல்வதற்குள் போனை நீட்டுகிறார்கள். "சார், இதுல சிவப்பா போட்டிருக்கே, பயப்படணுமா?" நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனை லேபில், உயிர்வேதியியல் பிரிவில், 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. கால்சியம், மெக்னீசியம், ஜிங்க், விட்டமின் டி எல்லாம் சேர்ந்த மாத்திரையை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று பெயர் சேர்க்கிறார்கள். அரிசி, எண்ணெயை அப்படி வாங்கலாம், தப்பில்லை. மாத்திரைப் பட்டியலில் நான் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு எழுத்து. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'இதிலிருந்து இதுவரை' என்று ஓர் அளவு போட்டிருக்கும். ஆரோக்கியமான ஒரு கூட்டத்தைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலான அளவுகள் இப்படித்தான் வருகின்றன. அப்படியென்றால் நல்ல ஆரோக்கியமான 100 பேரில் ஐந்து பேர் அந்த அளவுக்கு வெளியேதான் இருப்பார்கள். இது ஒரு டெஸ்டுக்கு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாதவருக்கே ஏதோ ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீதம் வாய்ப்பு. நாம் எடுத்த பேக்கேஜில் 60-க்கு மேல் டெஸ்ட்! எல்லாம் கறுப்பிலேயே வந்தவர்தான் அதிசயம். ஆகவே எல்லையை ஒட்டி ஒரு புள்ளி கூடவோ குறையவோ இருந்தால், அதற்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்.

அடுத்தது, ரத்தம் எடுத்த விதம். முகாம் அன்று காலை ஏழு மணிக்கு எடுத்த ட்யூப்கள் பத்தரை வரை மேசை மேலேயே இருந்தன. பொட்டாசியத்துக்கு இது ஆகவே ஆகாது. சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே சீரத்தில் இருப்பதைப் போல 20 மடங்குக்கும் மேல். ட்யூபைக் குலுக்கினாலும், மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும், பிரிக்காமல் நேரம் கடத்தினாலும் அது வெளியே கசியும். உடம்பில் 4.3 இருப்பவருக்கு ரிப்போர்ட்டில் 5.8 என்று வரலாம். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலும் கொஞ்சம் கூடும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொட்டாசியம், ஜிங்க், இரும்பு எண்களை நம்பாமல் மறுபடி எடுங்கள். ஜிங்க் சாப்பாட்டுக்குப் பின் இறங்கும், காய்ச்சல் நேரத்திலும் இறங்கும். அன்றைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

சரி, எண் சரியாகவே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எதைச் சொல்கிறது? கால்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்கு 9.4, நார்மல், எலும்பு நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னார். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். அதைக் குறையவிடாமல் பாராதைராய்டு சுரப்பி காவல் காக்கிறது. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்தாவது ரத்தத்தில் சேர்த்துவிடும். ஆகவே எலும்பு தேய்ந்துகொண்டே இருக்கும்போதும் ரத்தத்தில் 9.4 இருக்கலாம். எலும்பின் நிலை தெரிய டெக்ஸா ஸ்கேன்தான் வழி. மாதவிடாய் நின்ற பெண்களும், லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்களும் அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். ஒரு பெரியவருக்குக் கால்சியம் 8.1, சிவப்பில். அதே ரிப்போர்ட்டில் ஆல்புமின் 3.2. ரத்தத்துக் கால்சியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு திரிவது. ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கணக்கு குறைவாகத் தெரியும். ஆல்புமின் 4-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். இவருக்கு 0.64 கூட்டினால் 8.7-க்கு மேல் வந்துவிடுகிறது. அதாவது நார்மல். அவருக்கு ஆல்புமின் ஏன் குறைந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சாப்பாடா, கல்லீரலா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று. கால்சியம் மாத்திரை இதில் எங்கே வருகிறது?

மெக்னீசியமும் இப்படித்தான். ரத்த சீரத்தில் இருப்பது உடம்பில் உள்ளதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நார்மல் என்று வந்தாலே போதுமானது இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் அது நிஜமாகவே குறைந்து வந்தால், வருடக்கணக்கில் காலையில் போடும் அசிடிட்டி மாத்திரையையும், நீர் பிரிய வைக்கும் பி.பி. மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பல நேரம் காரணம் அங்கே இருக்கும்.

இப்போது இரும்பு. இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

'சீரம் அயர்ன்' என்ற எண்ணைத் தனியாகப் பார்த்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அது காலை ஒன்று, மாலை ஒன்று. முந்தின நாள் மாத்திரை போட்டிருந்தாலும் மாறும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அது 15-க்குக் கீழே போனால் பெரியவர்களுக்கு இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 30-க்குக் கீழேயே சந்தேகப்படும் டாக்டர்கள் நிறைய. ஆனால் காய்ச்சல், மூட்டு வீக்கம், கல்லீரல் கோளாறு, எது இருந்தாலும் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். அதனால் அழற்சி இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழே என்றாலே குறைவாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முகாமுக்கு முந்தின வாரம் வைரல் ஜுரத்தில் படுத்திருந்தவர்கள், 'நார்மல்' என்ற ஃபெரிட்டினை நம்பி இருந்துவிட வேண்டாம்.

நம் ரிப்போர்ட்களில் ஒரு கல்லூரி மாணவருடையது இருந்தது. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, எம்.சி.வி. நன்றாகவே குறைவு, சிவப்பணு எண்ணிக்கையோ கூடுதல். ஃபெரிட்டின் நல்ல அளவில். இதைப் பார்த்தால் இரும்புக் குறை என்று தோன்றவில்லை. தலசீமியா பரம்பரைக் கூறு இருக்கலாம். ஹெச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுத்தாலும் எண் ஏறாது, உடம்பில் தேவையில்லாமல் சேரத்தான் செய்யும். அவருக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் கணவன் மனைவி இருவருக்கும் இந்தக் கூறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஜாதகத்தோடு இதையும் பார்க்கலாம்.

அடுத்துச் சொல்வது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கு இரும்பு குறைவது புரிகிறது. ஆனால் ஓர் ஆணுக்கு, அல்லது மாதவிடாய் நின்றுவிட்ட பெண்ணுக்கு, ஃபெரிட்டின் 8 என்று வந்தால், முதல் கேள்வி 'எந்த மாத்திரை' என்பதல்ல. 'ரத்தம் எங்கே போகிறது?' என்பதுதான். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தினம் போட்டு வயிற்றில் புண் இருக்கலாம், மூலம் இருக்கலாம். பெருங்குடலில் ஒரு கட்டி, கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருக்கலாம். குடல் புற்றுநோயின் முதல் அடையாளம் பலருக்கு இந்த ரத்தசோகைதான். இவர்களுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் எண்டோஸ்கோபி பார்க்க டாக்டர்கள் சொல்வது அதனால்தான். இரும்பு மாத்திரை போட்டால் இவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறும். களைப்பு போகும். "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். கட்டி அங்கேயே வளரும். லேபில் இருந்த வருடங்களில் இப்படித் தாமதமாக வந்த ரிப்போர்ட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் முகாமில் இந்த வகையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தனியாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் இருவர் பெயரும் அந்த மாத்திரைப் பட்டியலில் இருக்கிறது.

காரணம் தெரிந்து டாக்டர் இரும்பு எழுதிக் கொடுத்தால், காபி டீயோடு போடாதீர்கள், உறிஞ்சவிடாது. எலுமிச்சை ஜூஸ் உதவும். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இனி அந்த மொத்த ஆர்டர். டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்து உரிமம் இல்லை, உணவுப் பொருளுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்தான். மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று அதிலேயே போட்டிருக்கிறது. கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று பெரிதாக எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மி.கி.தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. போதும் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. இரண்டு வேளை பால், ஒரு கிண்ணம் தயிர், ராகிக் கஞ்சி, கீரை சாப்பிடுகிறவர் அதில் பெரும்பகுதியை அடைந்துவிடுகிறார். ஜிங்க் 50 மி.கி. போட்டிருக்கிறார்கள். தினம் 40-க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. மாதக்கணக்கில் அதிகமாகப் போட்டால் உடம்பில் தாமிரம் குறையும். அதனால் ரத்தசோகை வரும், கால் மரத்து நடை தள்ளாடும். ஊட்டத்துக்குப் போட்ட மாத்திரையால் புதிதாக ஒரு குறை.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். முடிக்காக பயோட்டின் போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில வகை மெஷின்களில் அது தைராய்டு, ஃபெரிட்டின் எண்களையே மாற்றிவிடும். விட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதித் தந்திருந்தால் ஒன்பதாவது வாரம் நீங்களாக வாங்காதீர்கள். அது கொழுப்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் கிட்னி பாதிப்பு வரை போகும்.

கூட்டம் முடிந்ததும் கேட்டவற்றில் சில:

ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பதால்தான் குறைகிறதா? ஆர்.ஓ. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது, உண்மை. ஆனால் நமக்கு இவை முக்கியமாக வருவது சாப்பாட்டிலிருந்து. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு, வேறு மாசு இல்லையென்றால், ஆர்.ஓ. தேவையே இல்லை. நம் போர் தண்ணீருக்கும் மெட்ரோ தண்ணீருக்கும் தனித்தனியாக அளந்து நோட்டீஸ் போர்டில் போடும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.

முடியை அனுப்பிச் செய்யும் மினரல் டெஸ்ட்? பணம் வீண். 2001-இல் அமெரிக்காவில் ஒரே ஆரோக்கியமான நபரின் முடியை ஆறு லேப்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஷாம்பும் சாயமும்கூட எண்ணை மாற்றும்.

இளநீரும் சோடியம் குறைந்த உப்பும் நல்லதா? கிட்னி நன்றாக இருப்பவர்களுக்குச் சரி. கிரியாட்டினின் கூடியவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் பி.பி., இதய மாத்திரைகள் போடுகிறவர்களுக்கும் ஆபத்து. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம்தான். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

உடனே காட்ட வேண்டியது எது? பொட்டாசியம் 6-க்கு மேல் அல்லது 3-க்குக் கீழ், சோடியம் 130-க்குக் கீழ், கால்சியம் 11-க்கு மேல், ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ். இதில் ஏதாவது ஒன்று இருந்து இன்னும் காட்டாதவர்கள், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே போங்கள். தினம் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், முடிக்குப் போடுவது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.