வீட்டு வண்டியில் ஓர் இளவேனிற் பயணம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பழக்கமில்லாத எங்களைச் செயலாளர் அவர்கள் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இலக்கியம் பேச வல்லோர் பலர் இவ்வவையில் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்கப்பட்டதோ 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாங்கள் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி. காலனி வாயிலில் நின்ற எங்கள் வண்டியைக் கண்டு, "சினிமாக்காரர் யாரேனும் குடிவந்திருக்கிறார்களா?" என்று காவலரை விசாரித்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இன்று விடை கிடைத்துவிடும்.

நாகபுரித் தமிழர்களாகிய நமக்கு ஊர்ப் பயணம் என்றால் பெரும்பாலும் ஜி.டி. எக்ஸ்பிரஸ்தான். 1929-இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி நம் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்திருக்கிறது. இங்கே ஏறினால் பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா எல்லாம் கடந்து சென்னையில் விழிக்கிறோம். குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் வழியிலே நம் உறவினர் இருக்கிறார்களே! உத்தியோகத்தை ஒட்டி ஒருவர் செகந்தராபாத்திலும், ஒருவர் விஜயவாடாவிலும், ஒருவர் நெல்லூரிலுமாகச் சிதறியிருப்பது நம்மிற் பல வீடுகளின் வரலாறு. அவர்களைக் கலியாணங்களிற் காண்கிறோம். பின்னர், முன்னாளிலே தந்தி, இந்நாளிலே தொலைபேசி, அது கொண்டுவரும் செய்திக்குப் பிறகு காண்கிறோம்.

விஜயவாடாவில் இருப்பவர் எங்கள் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் புறப்படும் தேதி தெரிந்தாற் போதும்; இரவு எந்நேரமாயினும் அடுக்குப் பாத்திரத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு, எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் சரியாக நின்றுகொண்டிருப்பார். ஒரு பத்து நிமிடம் சன்னல் வழியாகப் பேச்சு. "ஒருமுறையாவது இங்கே இறங்கிவிட்டுப் போகக்கூடாதா?" என்பார். "அடுத்த முறை பார்க்கலாம், மாமா" என்போம். இவ்வாறு பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அவருடைய வீட்டு வாயில் எத்திசை நோக்கியது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

2022-இல் மாமாவுக்குப் பக்கவாதம் கண்டது. அவ்வாண்டு நாங்கள் ஊருக்குச் சென்றபோது வண்டி வழக்கம்போல விஜயவாடாவில் நின்றது. அவர் வரமாட்டார் என்று தெரிந்திருந்தும் அம்மா எழுந்து சன்னலருகே அமர்ந்துகொண்டார்கள். வண்டி நகரும்வரை பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அப்போதும் இறங்கவில்லை. விடுமுறை குறைவு என்று ஒரு காரணத்தை எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். சபையில் இதை மறைப்பதிற் பயனில்லை.

இறங்க வேண்டும் என்று உறுதி பிறந்தபோது அம்மாவுக்கு வயது 81. முழங்கால் மடங்காது. ரயிற்பெட்டியின் செங்குத்துப் படியில் இனி ஏற்ற முடியாது. காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தால் படுத்தாக வேண்டும். எனவே வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு போவது எனத் தீர்மானித்தோம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, அதனுள் இரண்டு கட்டில், சமையல் மேடை, மடக்கு மேசை, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றை அமைத்து, முறைப்படி பதிவும் செய்துகொண்டோம். அம்மா ஏறுவதற்கென்று ஒரு மர முக்காலி செய்வித்தோம். பிற்பாடு பார்த்தால் வண்டியில் மிகுதியும் பயன்பட்ட பொருள் அதுதான்.

ஏப்ரல் 9 அன்று இங்கே குடீ பாட்வா. வீடுதோறும் கட்டிய குடிகளைப் பார்த்துவிட்டு மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தார்கள். நாகபுரி வெயிலில் வாழ்வோருக்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் விடியற்காலை நான்கரை மணிக்குச் சாலையில் இருந்து பாருங்கள். முன்னோர் பொய் சொல்லவில்லை என்பது விளங்கும். பத்து மணிக்கு மேல் நாங்கள் வண்டியை ஓட்டவில்லை.

பேன்கங்கா ஆற்றைக் கடந்து ஆதிலாபாத் மாவட்டத்துக் காடுகளினூடே சென்றபோது, புரச மரங்களில் கடைசிப் பூக்கள் எஞ்சியிருந்தன. சாலையோரத்தில் கோண்டுப் பெண்கள் இலுப்பைப் பூக்களைக் கூடையிற் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரவில் உதிரும் பூவை வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டுமாம். வண்டியை நிறுத்தச் சொல்லி, அம்மா முக்காலியில் இறங்கிப்போய் ஒரு பிடி வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். நாம் இலுப்பை என்பதைத் தெலுங்கர் இப்ப என்கிறார்கள். மராத்தியர் மோஹா என்கிறார்கள். "ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று வாயால் சொன்னதோடு சரி, பூவைத் தின்றது இன்றுதான்" என்றார்கள் அம்மா. இதே நிலத்தின் அருகே ரயிலில் எத்தனை முறை போயிருப்போம்!

நிர்மல் அருகே தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றுவிட்டது. இரண்டு நாள் வாளியும் குவளையுமாகக் காலந்தள்ளினோம். மேனாடுகளில் இத்தகைய வண்டிகள் தங்குவதற்கென்றே தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் வசதிகளுடன் மைதானங்கள் உண்டு. நம் நாட்டில் அவை அரிது. கேரள அரசு 2021-இல் இதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. எங்களுக்கோ உறவினர் வீடுகளே மைதானம். செகந்தராபாத்தில் சித்தி வீட்டு வாயிலில் இரண்டு நாள் நின்றோம். மின்கம்பியை அவர்கள் வீட்டிற் செருகி, குழாயில் தண்ணீர் பிடித்து, கழிவுத் தொட்டியையும் அவர்கள் வீட்டுத் தொட்டியிலேயே காலி செய்தோம். "சித்திப் பாட்டியைப் பார்க்க வந்தோமா, இதற்காக வந்தோமா?" என்று எங்கள் மகள் கேட்டாள். சித்திக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

13-ஆம் தேதி விஜயவாடா சேர்ந்தோம். மாமாவின் வீடு இரண்டாம் மாடியில். மின்தூக்கி இல்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மாவால் ஏற இயலாது. மாமாவால் இறங்க இயலாது. ஏறத்தாழ 770 கிலோமீட்டர் வந்து 36 படிகளுக்குக் கீழே நின்றுவிட்டோம். இரவு மாமாவை மாடி முகப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அம்மா வண்டியின் கதவருகே அமர்ந்து கையை அசைத்தார்கள். மேலேயிருந்து இடக்கை அசைந்தது. அவ்வளவுதான் அன்றைக்கு.

மறுநாள் நம் புத்தாண்டு. அம்மா விடியுமுன் எழுந்து, மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும் புளியோதரையும் வண்டிக்குள்ளேயே சமைத்தார்கள். அந்தக் கட்டடத்தைச் சேர்ந்த நான்கு தெலுங்கு இளைஞர்கள் மாமாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்து, முக்காலியின் மீது கால் வைத்து ஏற்றி, மடக்கு மேசை முன் அமர்த்தினார்கள். வலக்கை வழங்காமையால் இடக்கையால் உண்ணக் கூசினார். அம்மா பிசைந்து ஊட்டினார்கள். இரண்டு வாய் உண்டபின் மாமா நிமிர்ந்து பார்த்தார். பேச்சு குழறியதாயினும் கேட்டது எங்கள் எல்லோருக்கும் விளங்கிற்று.

"அக்கா, வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்?"

"நீ எழுந்து வீட்டுக்குப் போகிற வரையில் நிற்கும். சாப்பிடு."

அத்தை மேலே சென்று, பரணில் இருந்த பழைய அடுக்குப் பாத்திரத்தைத் துடைத்து எடுத்துவந்தார்கள். இரவுக்கு வேண்டியதை அதில் நிறைத்துக் கொடுத்தோம். மூன்று நாள் அங்கே இருந்தோம். இரண்டாம் நாள் முதல் அந்த இளைஞர்கள் நாங்கள் கூப்பிடாமலே ஒன்பது மணிக்கு வந்துவிட்டார்கள்.

அப்பால் நெல்லூர், சென்னை, கும்பகோணத்தில் பெரியம்மா வீடு. அவற்றை விரித்தால் கலைநிகழ்ச்சிக்கு வந்த குழந்தைகள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். செலவைப் பற்றிப் பலர் கேட்டதால் சொல்கிறோம்: போக வர ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர், டீசல் 310 லிட்டர். உணவுக்குச் செலவென்று தனியே ஒன்றும் ஆகவில்லை. போன வீடுகளிலெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

வண்டி இப்போது காலனியின் பின்வாயிலில் நிற்கிறது. வாடகைக்கு விடும் எண்ணம் எங்களுக்கில்லை, சட்டமும் இடங்கொடாது. ஆனால் வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் சென்று வழியிலுள்ளவர்களைக் காண விரும்பும் சங்கத்து அன்பர் எவரும் எங்களிடம் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம். டீசல் அவர்களுடையது. தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்தாயிற்று. படி சற்று உயரம். முக்காலி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.