கைபேசியிலும் ஒரு தராசு
(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

நபி (ஸல்) அவர்கள் வணிகராக வாழ்ந்தவர்கள். கடைத்தெருவை அவர்கள் வெறுக்கவில்லை. அங்கு நேரில் சென்று பார்த்தார்கள், சீர்திருத்தினார்கள். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் தொடங்குகின்றது. அதுதான் 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்ஃபிஃபீன். அன்று தராசு கடையில் தொங்கியது. இன்று நம் கடைத்தெருவின் ஒரு பகுதி கைபேசிக்குள் இடம் மாறியிருக்கின்றது. அங்கே தராசு எங்கே இருக்கின்றது? அதை யார் பிடித்திருக்கின்றார்கள்? இதைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கின்றோம்.

அருட்கொடை என்பதை மறுக்க வேண்டாம்

சமூக ஊடகம் முழுவதும் தீமையே என்று கூறுவது நீதியாகாது. 2018ஆம் ஆண்டு சிறு வணிகர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி அறிமுகமானது. பத்திரிகையில் விளம்பரம் தர வசதியற்ற ஒரு சிறு கடைக்காரர், தம்மிடமுள்ள பொருள்களின் படங்களையும் விலையையும் செலவின்றித் தம் ஊராருக்குக் காட்டும் வழி அதனால் பிறந்தது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் கடைகள் அடைபட்டபோது, கைபேசி வழியே வந்த ஆர்டர்கள் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய உதவின. கணவனை இழந்த சகோதரி வீட்டில் இருந்தவாறே ஊறுகாயும் வட்லப்பமும் செய்து விற்று, மானத்தோடு பிள்ளைகளை வளர்க்கின்றார் என்றால் அது அல்லாஹ்வின் அருளே. ஆனால், அருட்கொடை எதுவாயினும் அதற்குக் கணக்கு உண்டு.

மேலே உலர்ந்த தானியம்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். (நூல்: முஸ்லிம்)

சகோதரர்களே! நாம் ஸ்டேட்டஸில் வைக்கும் படம்தான் இன்றைய குவியலின் மேற்பரப்பு. துணியின் நிறத்தை வெளிச்சம் கூட்டி மாற்றிக் காட்டுவதும், வேறொரு கடையின் பிரியாணிப் படத்தை எடுத்து நம் பெயரைப் பொறிப்பதும், பழைய சரக்கைப் புதுவரவு என்று எழுதுவதும் ஈரத்தை அடியில் மறைக்கும் செயலேயன்றி வேறில்லை. நூறு மூட்டை இருக்கும்போதே "இன்னும் இரண்டுதான் மீதம்" என்று அவசரப்படுத்துவதும் இவ்வகையே. இணைய வணிகத்தில் இத்தகைய பொய்யான அவசரத்தை இந்திய அரசு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே தடுத்துள்ளது. சட்டம் இப்போது கண்டுகொண்டதை நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டித்துவிட்டது.

பொய் விமர்சனமும் பொய்ச் சாட்சியமும்

வாங்கும் எண்ணமே இல்லாதவர், பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு "நஜ்ஷ்" என்று பெயர். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்) கூகுள் வரைபடத்தில் தம் கடைக்கு மச்சானையும் மருமகனையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் செய்வது எந்த வகை? அவர்கள் அங்கே பொருள் வாங்கியதே இல்லை. எதிர்க்கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடச் சொல்லி ஆள் பிடிப்பது எந்த வகை? நஜ்ஷின் நோக்கம் எதுவோ அதுவே இதன் நோக்கமும்.

உணவகம் உணவகமாகச் சென்று வீடியோ எடுக்கும் நம் இளைஞர்களும் இதைக் கேட்க வேண்டும். பணமோ இலவச விருந்தோ பெற்றுக்கொண்டு, அதை மறைத்து, "நானே தேடிக் கண்டுபிடித்த கடை" என்று சொல்வது பொய்ச் சாட்சியம். பெரும்பாவங்களைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பக் கூறி எச்சரித்தார்கள். (நூல்: புகாரி) பெற்ற பணத்தையும் பரிசையும் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் இது பொருந்தும். உலகத்தில் இவ்வளவென்றால் மறுமையில்?

கையில் இல்லாததை விற்பது

மொத்த வியாபாரி அனுப்பும் புடவை, அபாயா படங்களை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து, ஆர்டர் வந்த பிறகு வாங்கி அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் பெருகியுள்ளது. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் ஏறத்தாழ இதே கேள்வியை நபியவர்களிடம் கேட்டார்கள். தம்மிடம் இல்லாத பொருளை ஒருவர் கேட்டு வருகின்றார். அதை விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா? தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்பதே பதிலாக இருந்தது. (நூல்: திர்மிதீ, அபூதாவூத்)

இதனால் அந்தச் சகோதரிகளின் பிழைப்பு அடைபட்டுவிட்டதா? இல்லை. மார்க்க அறிஞர்கள் வழிகளைக் கூறியுள்ளனர். மொத்த வியாபாரியின் முகவராக இருந்து, பேசி முடித்த கமிஷனைப் பெறலாம். அல்லது "ஸலம்" முறையில் தரம், அளவு, தவணை அனைத்தையும் தெளிவாக்கி, முழுத் தொகையையும் முன்னரே பெற்று, குறித்த நாளில் பொருளை ஒப்படைக்கலாம். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுச் செய்யுங்கள். வீட்டில் சமைத்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதும் அமானிதத்தைச் சேர்ந்ததே.

வேலை நேரம் யாருடையது?

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் நஷ்டமடையும் இரு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். (நூல்: புகாரி) ஓய்வு நேரத்துக்கே இந்த நிலையென்றால், ஊதியம் பெறும் நேரத்தின் நிலை என்ன? வாடிக்கையாளர் எதிரில் நிற்க, கடைப் பையன் ரீல்ஸை விரலால் தள்ளிக்கொண்டிருக்கின்றான். அலுவலகத்தில் கோப்பு மேசை மீதிருக்க, கண்ணோ குழுச் செய்தியில் இருக்கின்றது. எடை குறைத்துக் கொடுப்பவன் மட்டுமல்ல, முழுச் சம்பளம் பெற்று நேரத்தைக் குறைத்துக் கொடுப்பவனும் தராசைச் சாய்ப்பவனே.

அதே தராசு முதலாளிமார்களுக்கும் உண்டு. துணி எடுத்துக் காட்ட வேலைக்கு வந்த பெண்ணைக் கடையின் வீடியோவில் ஆடவும் நடிக்கவும் சொல்வது எந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றது? மறுத்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அவள் தலையாட்டுவது சம்மதமாகாது. அவளும் ஒருவரின் மகள். கடை அடைத்த பின் நள்ளிரவு வரை குழுவில் பதில் எழுத வைப்பதும் வேலைதான். அதற்கும் கூலி உண்டு. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவதாக ஹதீஸ் குத்ஸியில் வந்துள்ளது. (நூல்: புகாரி)

அடுத்தவர் பிழைப்பில் கை வைக்காதீர்கள்

2020 ஏப்ரல் மாதத்தை மறந்துவிட்டோமா? கொரோனாவைப் பரப்புகின்றார்கள் என்ற பொய்ச் செய்திகளும், பழைய வீடியோக்களும் நாட்டின் பல பகுதிகளில் பரப்பப்பட்டு, ஏழை முஸ்லிம் காய்கறி, பழ வியாபாரிகள் தெருக்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். ஒரு ஃபார்வர்டு செய்தி ஒருவருடைய அன்றைய சோற்றைப் பறிக்கும் என்பதை அனுபவித்து அறிந்த சமுதாயம் நாம். அப்படியிருக்க, "இந்தக் கடை இறைச்சி கெட்டது" என்று எவரோ அனுப்பியதை விசாரிக்காமல் பத்துக் குழுக்களுக்குத் தள்ளிவிட நமக்கு எப்படி மனம் வருகின்றது? அந்தக் கடை எந்தச் சமயத்தவருடையதாயினும் சரியே. செய்தியைத் தெளிவாக விசாரியுங்கள் என்ற கட்டளை 49ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் இருக்கின்றது. பொருளில் குறையிருந்தால் முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கின்றது.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்வே

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. லட்சக்கணக்கான பார்வையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அவர்களை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. கைபேசியை மட்டுமே நம்பியிருந்த வியாபாரம் அந்த நேரமெல்லாம் திகைத்து நின்றது. ஆனால், சரியான எடை, உண்மையான பேச்சு, முகமலர்ச்சி இவற்றால் பெற்ற வாடிக்கையாளர் மறுநாள் காலையில் கடை வாசலில் நின்றார். செயலி ஒரு கருவி, நாணயமே முதல். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. (நூல்: புகாரி, முஸ்லிம்)

ஆகவே, ஒரு படத்தை அனுப்பும் முன் உங்களையே கேளுங்கள்: நபியவர்கள் இந்தக் குவியலுக்குள் கை நுழைத்தால் ஈரம் படுமா, படாதா? ஜும்ஆவின் பாங்கு சொல்லப்பட்டதும் வியாபாரத்தை விட்டு விரைய வேண்டும் என்றும், தொழுகை முடிந்ததும் அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பரவிச் செல்லலாம் என்றும் 62ஆம் அத்தியாயம் போதிக்கின்றது. பாங்கு கேட்டதும் கடைக் கதவை மட்டுமல்ல, கைபேசிக் கடையையும் அடையுங்கள். தொழுத பின் திறக்கும்போது நேர்மையான தராசோடு திறவுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் தொழிலில் ஹலாலையும், நாவில் உண்மையையும், வீடுகளில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.